பாண் வாங்கப் போனவரும் ஓர் அழைப்பிதழும்

போன மாதம் பரந்தனுக்குப் போனபோது, நான் முன்பு வேலை செய்த அச்சகத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போது அதை நடத்துகிறவர் வினோதினி என்ற பிள்ளை. எங்கள் மாத சஞ்சிகை இப்போது தாளில் வருவதில்லை, தொலைபேசியில் வருகிறது. கதைகளுக்குக் கீழே வாசகர்கள் எழுதுவதை அவர் எனக்குக் காட்டினார்.

"பாருங்கோ ராசண்ணை, காலமை போட்ட கதை. இதுக்குள்ள எவ்வளவு பேர் எழுதிப்போட்டினம்."

கடைசி வரியில் திருப்பம் வைத்த கதை அது. முடிவை எதிர்பார்க்கவே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் இரண்டாம் பந்தியிலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்று கனடாவிலிருந்து இன்னொருவர். கண்டுபிடித்ததை வாயை மூடிக்கொண்டு வைத்திருக்கத் தெரியாதோ என்று அவருக்கு ஒரு பெண் ஏசியிருந்தார். வாசிக்க எனக்குச் சிரிப்பு வந்தது.

"உங்கட காலத்தில ஆக்கள் என்ன சொன்னவை? எழுதித் தாங்கோவன்."

"எனக்கு எழுத வராது பிள்ளை."

"கதைக்கிறமாதிரி எழுதுங்கோ. பிழையை நான் பாக்கிறன்."

அதனால் எழுதுகிறேன். வினோதினி கேட்டது ஒரு திருப்பக் கதைக்கு வந்த வாசகர் கருத்துகளை. எனக்கு அப்படி ஒன்றுதான் நினைவில் நிற்கிறது. அதைச் சொல்வதற்கு முதல் நான் யார் என்று சொல்லவேண்டும்.

பிறந்தது மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். கலவரத்துக்குப் பயந்து அப்பா எங்களை வன்னிக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது நான் சின்னப் பிள்ளை. விசுவமடுவில் காடு வெட்டிக் குடியிருந்தோம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு அரிசி ஆலை, பேக்கரி, முல்லைத்தீவில் கருவாட்டு லொறி, வவுனியாவில் மரம் விற்கிற மரக்காலை. ஓரிடத்தில் வேலை பழகி முடிய அடுத்த இடத்துக்கு மனம் போய்விடும். கலியாணம் செய்யவில்லை. சண்டை வந்தது, சனம் ஓடிய பக்கம் நானும் ஓடினேன். சனத்தை வைத்திருந்த முகாமில் நானும் இருந்தேன். வெளியே விட்டபோது யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே எனக்கு ஒருவரும் இல்லை. பஸ் பரந்தன் சந்தியில் தேத்தண்ணிக்கு நின்றது. எதிரே அச்சகக் கதவில் ஆள் தேவை என்று எழுதி ஒட்டியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அச்சகம் நல்லையா மாஸ்டருடையது. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். மெலிந்த மனிதர், வெள்ளைச் சேட்டின் மேல் பொத்தானையும் பூட்டியிருப்பார். நான் செய்த வேலைகளையெல்லாம் கேட்டுவிட்டு, "நீர் ஓரிடத்தில இருக்கமாட்டீர் போல கிடக்கு" என்றார்.

"ஓம் ஐயா, இருக்கமாட்டன்."

"நல்லது. இது இருக்கிற வேலை இல்லை."

அச்சகத்துக்குச் சோறு போட்டவை கலியாண அழைப்பிதழ்களும் செத்தவரின் அந்தியேட்டிக் கிரியைக்குக் கொடுக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகங்களும்தான். சஞ்சிகை மாஸ்டரின் ஆசைக்கு. அதைப் பழைய மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை றோட்டோரக் கடைகளில் போடுவது என் வேலை. அடுத்த முறை போகும்போது விற்காததைத் திருப்பி எடுக்கவேண்டும். அதோடு, வாசித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டு வரவேண்டும். எங்கள் பக்கத்துச் சனம் சஞ்சிகைக்குக் கடிதம் எழுதுவது குறைவு. ஆகவே சனிக்கிழமையில் மாஸ்டருக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்து நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன், அவர் கணினியில் அடிப்பார். அதுதான் எங்கள் வாசகர் பக்கம்.

அவர் அதில் பொல்லாதவர். கதை நல்லாயிருக்காம் என்று சொன்னால் கை நின்றுவிடும்.

"அப்பிடிச் சொல்லேக்க என்ன செய்துகொண்டு நிண்டவர்?"

"மிச்சக்காசு தந்துகொண்டு."

"அப்ப அது உம்மை அனுப்புறதுக்குச் சொன்னது. அடுத்ததைச் சொல்லும்."

வேலையை நிறுத்திவிட்டுச் சொன்னதா, சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாரா என்றெல்லாம் கேட்பார். சொன்ன சொல்லை நான் கொஞ்சம் வடிவாக்கினாலும் கண்டுபிடித்துவிடுவார். "உம்மடை கதை வேண்டாம் ராசு, அவையின்ர கதையைச் சொல்லும்" என்பார்.

அழைப்பிதழ் வேலையிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. அச்சடிக்க முதல் இரண்டு வீட்டாரையும் வரச்சொல்லி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரத்து வாசிப்பார். பெற்றோர் பெயருக்கு வந்ததும் நிறுத்துவார். இருக்கிறவர்கள் என்றால் திரு. திருமதி என்று போட வேண்டும், இல்லாதவர் என்றால் காலஞ்சென்ற என்று போட வேண்டும். எங்கள் பக்கத்தில் இந்த இரண்டுக்குள்ளும் அடங்காத தகப்பன்மார் கனபேர். சண்டைக்குள் காணாமல் போனவர்கள். இருக்கிறாரோ இல்லையோ என்று மாஸ்டர் ஒருநாளும் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "பேரை எப்பிடிப் போடுவம்?" என்று மட்டும் கேட்பார். அவர்கள் சொல்வதைப் போடுவார். ஒன்றும் சொல்லாமல் இருந்தால், முன்னால் ஒன்றும் இல்லாமல் வெறும் பெயரைப் போடுவார்.

இனி அந்தக் கதை. வவுனியாவில் ஒரு வங்கியில் வேலை செய்த நிரோஜன் என்ற இளைஞர் எழுதியது. தலைப்பு 'பாண்'. சண்டைக்குப் பிறகு ஒரு வீடு. பின்னேரம் ஒரு பெண் இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றுகிறாள். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றதை ஒரு வெறுங் கதிரைக்கு முன்னால் வைக்கிறாள். கதிரையைப் பார்த்துக் கதைக்கிறாள். வேலி இன்னும் கட்டவில்லை, மழை வரப்போகிறது, இந்த மனிசனுக்கு ஒரு அக்கறையும் இல்லை என்று ஏசுகிறாள். கொடியில் அவனுடைய சேட்டுத் தொங்குகிறது. நாய் படலையைப் பார்த்தபடி படுத்திருக்கிறது. தேத்தண்ணியில் ஆடை படர்கிறது. கடைசிப் பந்தியில் படலை திறக்கிறது. புருசன் சைக்கிளை உருட்டிக்கொண்டு பேக்கரியில் வாங்கிய பாணோடு வருகிறான். "கடையில சரியான சனம்" என்கிறான். அவ்வளவுதான் கதை.

வேறு ஊரில் இதை வாசித்தால் ஒன்றுமில்லை. எங்கள் றோட்டில் வெறுங் கதிரையும் இரண்டாவது கோப்பையும் வந்த உடனேயே எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. அல்லது விளங்கிவிட்டது என்று நினைத்தார்கள்.

அந்த மாதம் நான் கேட்டுத் திரியத் தேவை இருக்கவில்லை. மோட்டார் சைக்கிளை மறித்து நிறுத்திச் சொன்னார்கள். சந்தியில் ஓட்டோ ஓடுகிறவர், "வாசிச்சுச் சிரிச்சனான் அண்ணை. பிறகு கோவம் வந்திட்டுது. ஆரோட கோவம் எண்டுதான் தெரியேல்லை" என்றார். விசுவமடுவில் ஒரு கமக்காரர் சஞ்சிகையை என் பைக்குள் திணித்து, "எங்கட சீவியத்தை வைச்சுப் பகிடி விடுறானோ? அவனை ஒருக்கா இஞ்ச வரச்சொல்லு" என்றார். முல்லைத்தீவில் புடைவைக் கடை வைத்திருந்த நானா ஒருவர் சொன்னதை நான் மறக்கமாட்டேன். ஊரை விட்டு அனுப்பப்பட்டு, வெளியில் காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பம் அவருடையது. துணியை அளந்துகொண்டிருந்தவர் அளவுகோலைக் கீழே வைத்தார்.

"ஆள் திரும்பி வந்ததை நம்புறன் தம்பி. நாங்களும் வந்தம்தானே. வரேக்க கதிரை வைச்ச இடத்தில இருந்திச்சுது எண்டு எழுதியிருக்கார் பாருங்க, அதுதான் பொய்."

இதைச் சொன்னபோது மாஸ்டர் அடிப்பதை நிறுத்தி, "அளவுகோலைக் கீழ வைச்சவரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அந்த மாத வாசகர் பக்கத்தில் அதுதான் முதலாவதாக வந்தது.

எனக்கு அந்தக் கதை வேறு மாதிரிப் பட்டது. எந்த ஊரிலும் நான் பிந்தி வந்ததாக ஒருவரும் ஏசியதில்லை. பிந்துவதற்கு முதலில் ஒருவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். பாணோடு வந்து ஏச்சு வாங்குகிற அந்த மனிதன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

முரசுமோட்டையில் ராணி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. றோட்டோரம் சின்னக் கடை வைத்திருந்தாள். பணிஸ், வாழைப்பழம், தேத்தண்ணி, கயிற்றில் கொழுவிய எங்கள் சஞ்சிகை. புருசன் சிவபாலன் கடைசிச் சண்டை நேரம் அரிசி தேடிப் போனவர், திரும்பி வரவில்லை. ஒரே மகள் தர்சினி. அவளுக்கு விசுவமடுவில் சுதன் என்ற மாப்பிள்ளை பொருந்தி, எங்கள் அச்சகத்திலேயே அழைப்பிதழுக்குச் சொல்லியிருந்தார்கள். எழுதித் தந்ததில் தகப்பன் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அப்படித்தான் போடவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ராணியும் சரி என்றிருந்தாள்.

"கதை எப்பிடி ராணி?"

"பிறகு சொல்லுறன் ராசண்ணை" என்று தேங்காயைத் துருவப் போய்விட்டாள்.

அடுத்த முறை போனபோது தர்சினி கடை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, உங்கட புத்தகத்தால என்ர கலியாணம் நிக்குது."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"உந்தப் பாண் கதையை வாசிச்ச நாளில இருந்து அம்மா ஒரே பிடி. காலஞ்சென்ற எண்டு போட விடமாட்டாவாம். அங்கால சுதனின்ர பெரியப்பா, இருக்கிறாரோ இல்லையோ, தெளிவாச் சொல்லாட்டி சம்பந்தம் வேண்டாமாம். எல்லாம் சரிவந்த நேரத்தில ஆர் உங்களை உந்தக் கதையைப் போடச் சொன்னது?"

அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. கண் சிவந்திருந்தது. அவளும் சுதனும் விரும்பிய சம்பந்தம் அது.

சனிக்கிழமை இதையும் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் அதை அடிக்கவில்லை. தொலைபேசியை எடுத்து நிரோஜனைக் கூப்பிட்டார். "தம்பி, உம்மடை கதைக்கு ஒரு கருத்து வந்திருக்கு. நேர வந்து கேட்டால் நல்லது" என்றார்.

நிரோஜன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். நல்ல பிள்ளை. முரசுமோட்டைக்குப் போன வழியெல்லாம் மோட்டார் சைக்கிளில் என் பின்னால் இருந்து, தன் கதையின் முடிவை வாசித்துப் பலர் அசந்துபோனதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ராணி இருவருக்கும் தேத்தண்ணி தந்தாள்.

"நீங்கதானோ எழுதினது? இவ்வளவு சின்னப் பிள்ளையோ?"

"அக்கா, அது கற்பனைதான்" என்று அவர் தொடங்கிவிட்டார். "எனக்கு அப்பிடி ஒருத்தரையும் தெரியாது. நீங்க அதை உண்மையெண்டு நினைச்சு..."

"பொறுங்கோ தம்பி. நான் விசரி இல்லை. கதை எண்டு தெரியும்." ராணி முக்காலியை இழுத்துப் போட்டு எங்களுக்கு முன்னால் இருந்தாள். "நீங்க ஒரு இடத்திலயும் அவர் செத்துப்போனார் எண்டு எழுதேல்லை. திரும்பத் திரும்ப வாசிச்சுப் பாத்தனான். இல்லை. என்ன?"

"இல்லை அக்கா. அதுதான் உத்தி."

"உத்தியோ என்னவோ. ரெண்டாவது கோப்பையைக் கண்ட உடனே அவர் செத்திட்டார் எண்டு நான்தான் முடிவுகட்டினனான். அவளைப் பாத்து, பாவம் விசர் பிடிச்சிட்டுது எண்டும் நினைச்சன். கடைசியில அந்த மனிசன் பாணோட வந்து நிக்கேக்க எனக்கு வெக்கமாப் போச்சு. அவள் காத்துக்கொண்டு இருக்கிறாள். நான், ஒண்டும் தெரியாத நான், அவளின்ர மனிசனைச் சாக்காட்டிப்போட்டன்."

நிரோஜன் கோப்பையைப் பிடித்தபடி இருந்தார். குடிக்கவில்லை.

"கதையில வாறவருக்கே அப்பிடி அவசரப்பட்டுப்போட்டன் எண்டால், எங்கட வீட்டு மனிசனுக்கு? அழைப்பிதழ்க் காட்டில ரெண்டு சொல்லுத்தானே எண்டு கையெழுத்துப் போடப் போனனான்."

உள்ளே தர்சினி சட்டியைத் தொப்பென்று வைத்த சத்தம் கேட்டது.

நிரோஜன் மெல்லக் கேட்டார். "அக்கா, நான் வேணுமெண்டால் முடிவை மாத்தி எழுதவோ?"

"ஐயோ, வேண்டாம்!" ராணி பயந்துவிட்டாள். "வந்தவரைத் திருப்பி அனுப்பிப் போடாதேங்கோ." பிறகு கொஞ்சம் சிரித்தாள். "வந்தாப் பிறகு என்ன கதைச்சவை எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"கதை அதோட முடிஞ்சுது அக்கா."

"உங்களுக்கு முடிஞ்சுது. அவள் சும்மா விட்டிருப்பாளோ? இவ்வளவு நேரம் எங்க நிண்டனீங்கள், பாண் என்ன கொழும்பிலயோ வித்தவை எண்டு கேட்டிருப்பாள். அவர் கள்ளச் சிரிப்புச் சிரிச்சுக்கொண்டு ஆறின தேத்தண்ணியைக் குடிச்சிருப்பார். திருப்பிச் சூடாக்கவும் விடமாட்டார். அவர் எப்பவும் அப்பிடித்தான்."

யாருடைய புருசனைப் பற்றிச் சொல்கிறாள் என்று நாங்கள் கேட்கவில்லை. நிரோஜன் தன் ஆறின தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

அச்சகத்தில் அழைப்பிதழை வாசித்துப் பார்க்கிற நாள் வந்தது. ராணியும் தர்சினியும் ஒரு பக்கம். மற்றப் பக்கம் சுதனின் தகப்பன் கந்தசாமி, தாய் புஸ்பம், பெரியப்பா. கந்தசாமி கதை குறைந்த மனிதர். எல்லாவற்றையும் அண்ணன்காரர்தான் கதைப்பார். இன்றைக்கு ஒரு முடிவு தெரியாவிட்டால் இதோடு விடுவது என்று அவர் வரும்போதே வாசலில் சொல்லிவிட்டார். தர்சினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் வழக்கம்போல முதல் வரியிலிருந்து வாசித்தார். மாப்பிள்ளை பக்கம் திரு. திருமதி கந்தசாமி என்று வாசித்தார். பெண் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"பேரை எப்பிடிப் போடுவம்?"

"எழுதித் தந்தமாதிரிப் போடுங்கோ மாஸ்டர்" என்றார் பெரியப்பா. "காலஞ்சென்ற."

"இல்லை" என்றாள் ராணி.

"அப்ப திரு எண்டு போடுறதோ? போடுவம். கலியாணத்தண்டு தாரை வார்க்க ஆள் வருவாரோ? சொல்லுங்கோ பிள்ளை."

தர்சினி தாயின் கையைப் பிடித்தாள். விட்டுக்கொடு என்று கேட்கிறாளா, துணைக்குப் பிடிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

மாஸ்டர் சொன்னார். "வெறும் பேரைப் போடலாம். சிவபாலன், செல்வராணி ஆகியோரின் மகள். இந்த றோட்டில கனபேருக்கு அப்பிடிப் போட்டிருக்கிறன்."

"ஒரு பக்கம் திரு திருமதி, மற்றப் பக்கம் மொட்டையாவோ? காட்டைக் கையில எடுக்கிறவன் முதல் அதைத்தான் பாப்பான். பிறகு எங்களைத்தான் கேப்பான். நான் அதுக்கு என்ன சொல்லுறது?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வெளியில் முல்லைத்தீவு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. புஸ்பம் மடியில் வைத்திருந்த பையைக் கீழே வைத்தார்.

"அப்ப எங்கட பக்கத்திலயும் அதை எடுத்துவிடுங்கோ மாஸ்டர்."

பெரியப்பா திரும்பினார். "என்ன புஸ்பம் கதைக்கிறாய்?"

"வித்தியாசம் தெரியுது எண்டுதானே அத்தான் சொல்லுறியள்? ரெண்டு பக்கமும் வெறும் பேர் எண்டால் ஆர் என்ன கேக்கிறது? என்ர மனிசன் கலியாண வீட்டில வேட்டியோட வாசலில நிக்கப்போறார். அவர் இருக்கிறார் எண்டு காட்டிலயும் போட்டுக் காட்டவேணுமோ?"

பெரியப்பா தம்பியைப் பார்த்தார். கந்தசாமி அன்றைக்குக் கதைத்த ஒரே வசனம் அதுதான். "பேர் கிடந்தால் எனக்குக் காணும் அண்ணை."

"அப்ப உங்கட விருப்பம்" என்று பெரியப்பா எழுந்து வெளியே போய் வெற்றிலை போட்டார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திருத்தியதை முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தார். நான்கு பெயரும் முன்னால் ஒன்றும் இல்லாமல் வந்தன. ராணி, சிவபாலன் என்ற பெயர் வந்த இடத்தில் தலையாட்டினாள், பள்ளிக்கூடத்தில் வரவு கூப்பிடும்போது பிள்ளைகள் ஆட்டுவதுபோல.

அச்சடித்து முடிந்ததும் அழைப்பிதழ்க் கட்டை நான்தான் முரசுமோட்டைக்குக் கொண்டுபோனேன். தாயும் மகளும் கடையைச் சாத்திவிட்டு மேசையில் இருந்து, உறைகளில் பெயர் எழுதத் தொடங்கினார்கள். தர்சினிக்கு வாய் ஓயவில்லை. அந்த மாமிக்கு எழுதினால் இந்த மாமி கோவிப்பா, இவருக்கு எழுதினால் குடித்துவிட்டு வருவார் என்று ஒவ்வொரு உறைக்கும் ஒரு பகிடி. ராணி ஓர் உறையைத் தனியாகத் தன் பக்கம் இழுத்து, கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். தர்சினி எட்டிப் பார்த்தாள். சிவபாலன் என்று எழுதியிருந்தது. கீழே விலாசம் இல்லை.

அவள் ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. பேனாவை வைத்துவிட்டுத் தாயின் தோளில் நாடியை வைத்தாள்.

"அப்பாவுக்கு ஏனம்மா காட்? அவர்தானே கூப்பிடுறவர்."

ராணி அந்த உறையைத் திறந்தாள். பிறகு உள்ளேயிருந்த அழைப்பிதழை எடுத்து, புது உறை ஒன்றில் போட்டு, என் பெயரை எழுதினாள். நான் எழும்பி நின்றுதான் வாங்கினேன். எத்தனையோ வீட்டுக்கு அழைப்பிதழ் சுமந்தவன், என் பெயர் எழுதிய உறை ஒன்றைக் கையில் வாங்கியது அன்றைக்குத்தான்.

"கட்டாயம் வாங்கோ ராசண்ணை" என்றாள். "அவரும் நானும் கூப்பிடுறம்."